மூன்று அங்குல உள்மடிப்பு: சுங்கை சிப்புட்டில் ஒரு தையல் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் பழைய கடைவரிசையில், ஐந்தடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதையிலேயே ஒரு சிங்கர் மெஷினைப் போட்டுக்கொண்டு ஒரு தையல் கடை நடக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. ஊரில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “பள்ளி உடுப்பு தைக்கிற ஐயா கடை” என்றால் போதும், கைகாட்டி விடுவார்கள். ஐயாவுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். அவர் வெட்டுவார், தைப்பார். அவருடைய மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, பெயர்ப்பட்டை தைப்பது, பெண் பிள்ளைகளுக்கு அளவெடுப்பது எல்லாம் அக்காவின் வேலை.

2019 டிசம்பரில், பெரியவளை முதலாம் ஆண்டில் சேர்ப்பதற்கு முன்பு, முதன்முறையாக அங்கே போனேன். அன்று தைத்த கருநீல பினாஃபோரை அவள் இரண்டரை மாதம்கூட உடுத்தவில்லை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. உடுப்பு ஆணியில் தொங்கியது, பிள்ளை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தாள். பள்ளி திறந்தபோது பினாஃபோர் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. புதிது தைக்கக் கையில் காசில்லாத நேரம். ஐயாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் உடுப்பைத் திருப்பிப் பார்த்து, “உள்ளே மூன்று அங்குலம் விட்டுத்தான் மடித்திருக்கிறேன் அம்மா, கவலைப்படாதீர்கள்” என்றார். ஐந்து வெள்ளியில், அதாவது ஐந்து ரிங்கிட்டில், வேலை முடிந்தது. அதிலிருந்து வேறு கடைக்குப் போனதில்லை.

இந்த ஆண்டு எனக்கு ஒரே நேரத்தில் மூன்று தொடக்கம். சின்னவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. நடுவன் நான்காம் ஆண்டு. பெரியவள் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்து, இடைநிலைப் பள்ளியில் படிவம் 1-க்குப் போகிறாள். இங்கே பக்கத்தில் இல்லை, தைப்பிங்கில், விடுதியில் தங்கி. என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், நான் ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு முறைதான் இனி அவளைப் பார்க்க முடியும். அதனால் இந்த வருடச் சீருடையை நான் வெறும் துணியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடையைப் பற்றி எழுதும்போது என் மனத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவெடுக்கும் விதம். ஐயாவிடம் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். தோள், மார்பு, இடுப்பு, உயரம், பக்கத்திலேயே தேதி. புது அளவை எழுதுவதற்கு முன் பழையதை வாய்விட்டுப் படிப்பார். நடுவனை நிற்கவைத்து இஞ்ச் டேப்பைச் சுற்றியவர், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“பையன் இரண்டரை அங்குலம் வளர்ந்திருக்கிறான். இடுப்பு அரை அங்குலம் குறைந்திருக்கிறது. சாப்பிடுகிறானா அம்மா?”

எனக்குச் சுருக்கென்றது. தினமும் காலையில் அவன் கையில் நான்கு வெள்ளி கொடுத்து அனுப்புகிறேன். இரவில் நன்றாகத்தான் சாப்பிடுகிறான். வளரும் வயது, அதனால் மெலிகிறான் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்காரவைத்துக் கேட்டபோதுதான் சொன்னான்: சிற்றுண்டிச்சாலையில் வரிசை நீளமாம், வாங்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஓய்வு நேரம் தீர்ந்துவிடுமாம், அதனால் பாதி நாள் சாப்பிடாமலே பந்து விளையாடப் போய்விடுவானாம். மிச்சக் காசை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தான், அதை ஒளிக்கவும் இல்லை. பெற்ற தாய் எனக்குத் தெரியாதது ஒரு தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது டப்பாவில் சோறும் முட்டையும் கட்டிக் கொடுக்கிறேன்.

பேரங்காடியில் வாங்கும் தயார் உடுப்பில் கழுத்துப் பட்டையில் ஓர் எண் இருக்கும். பிள்ளையை அந்த எண்ணுக்குள் நுழைத்துப் பார்ப்போம். விலை குறைவு என்பது உண்மை. சின்னவளுக்கான பினாஃபோர் அங்கே 29.90, ஐயாவிடம் 42. ஆனால் அங்கே என் மகன் சாப்பிடுகிறானா என்று கேட்க யாரும் இல்லை.

பெரியவளின் அளவை அக்காதான் எடுத்தார். உள்ளே ஒரு பூப்போட்ட திரை, அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு ஆளுயரக் கண்ணாடி. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அளவு கொடுக்கக் கூசுவார்கள். அக்கா டேப்பை உடம்பில் அழுத்தாமல், பேசிக்கொண்டே, சட்டென்று முடித்துவிடுவார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் ஏதோ மெல்லக் கேட்டார். உடுப்பு வந்த பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. நீலப் பினாஃபோரின் பக்கப்பை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆழமாக இருந்தது. உள்ளே தனியாக இன்னொரு சிறு பை, அதற்கு ஒரு பட்டன். மாதவிலக்கு நாள்களில் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்பைவிட்டுப் போகாமல், வேண்டியதைச் சட்டைப்பையிலேயே யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். மலாய்ப் பாணி உடுப்பான பாஜு கூரோங்கின் பாவாடையிலும் அதே மாதிரி. விடுதிக்குப் போகிற பிள்ளை, பக்கத்தில் அம்மா இல்லை என்பதை அக்கா யோசித்திருக்கிறார். இதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. நான் கேட்டபோது, “எனக்கும் மூன்று மகள்கள்” என்று மட்டும் சொன்னார்.

இப்போது தையலைப் பற்றி. கீழ்மடிப்பை நான் திருப்பிப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள். கடைப் பினாஃபோரில் முக்கால் அங்குலம் மடித்து மெஷினில் ஓட்டியிருப்பார்கள். பிரித்தால் ஒன்றும் கிடைக்காது. ஐயா மூன்று அங்குலம் உள்ளே விட்டு, ஓரத்தை ஓவர்லாக் செய்து, வெளியே நூல் தெரியாதபடி கையால் தைக்கிறார். பக்கத் தையலிலும் ஒவ்வொரு புறமும் முக்கால் அங்குலம் இருக்கிறது. தோள்பட்டையில் பட்டனுக்கு இரண்டு இடம், வளர்ந்தால் அடுத்த காஜாவுக்கு மாற்றலாம்.

மடிப்பைப் பிரித்து இறக்கும்போது ஒரு சிக்கல் வரும், பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருந்த துணி வெயில் படாததால் கருநீலம் அப்படியே இருக்கும். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்கும். கீழே மூன்று அங்குலத்துக்கு ஒரு கரும்பட்டை, நடுவே பழைய மடிப்பின் வெள்ளைக் கோடு. ஐயா அந்தக் கோட்டின்மேல் காடித் தண்ணீர் நனைத்த துணியை வைத்து, இஸ்திரிப் பெட்டியை நகர்த்தாமல் அழுத்திப் பிடிக்கிறார். கோடு முக்கால்வாசி போய்விடுகிறது. நிற வித்தியாசம் போகாது, அதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

அவர் செய்ததிலேயே என்னை வாயடைக்க வைத்தது, பெரியவளின் ஆறாம் ஆண்டுப் பினாஃபோரை சின்னவளுக்கு மாற்றிக் கொடுத்ததுதான். வெறுமனே சின்னதாக வெட்டவில்லை. தையலை எல்லாம் பிரித்து, துணியின் உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்திருக்கிறார். உட்புறம் வெளுக்காத நீலம். புதுத் துணி 42 வெள்ளி, இது 20 வெள்ளி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எது பெரியவளுடையது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் பைக்குள் ஓரத்தில் பழைய மைக்கறை ஒன்று இன்னும் இருக்கிறது.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், ரப்பர் பால் எடுக்கும் வேலை. விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போவதற்கு முன், லயத்து வீட்டு விளக்கில் உட்கார்ந்து, பெரிய அளவாக வாங்கிய பினாஃபோரை மடித்து எனக்குத் தைத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெள்ளைக் காலணிக்குப் பூச்சு பூசி அடுப்பு ஓரத்தில் காயவைப்போம். அந்த வேலை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இல்லை. 2018-ல் அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லீ மாலிக் கறுப்புக் காலணியை அறிவித்ததிலிருந்து தாய்மார்களுக்கு அந்த ஒரு வேலை குறைந்தது.

வேதாகமத்தில் அன்னாளின் கதையை ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். பிள்ளைக்காக அழுது ஜெபித்தவள், பால் மறந்ததும் அந்தப் பிள்ளை சாமுவேலைச் சீலோவில் ஏலியிடம் விட்டு வருகிறாள். பிறகு வருடந்தோறும் பலி செலுத்தப் போகும்போது அவனுக்கு ஒரு சின்னச் சட்டை கொண்டுபோகிறாள். இத்தனை வருடம் நான் அதில் அவளுடைய விசுவாசத்தைத்தான் பார்த்தேன். இந்த டிசம்பரில், ஐயா கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வேறொன்று தோன்றியது. ஒரு வருடமாகப் பார்க்காத பிள்ளைக்கு அவளுக்கு எப்படி அளவு தெரிந்தது? போன தடவை அவன் தலை தன் எந்த இடம் வரை வந்தது என்று நினைவு வைத்திருப்பாள். பக்கத்து வீட்டில் அவன் வயதுப் பையன் எவ்வளவு வளர்ந்தான் என்று பார்த்திருப்பாள். கொஞ்சம் பெரிதாகவே, உள்ளே மடிப்பு விட்டுத்தான் தைத்திருப்பாள். கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கும்வரை அவளுக்கு நிச்சயம் இருந்திருக்காது. இதை நினைத்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அக்கா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இனி குறையைச் சொல்ல வேண்டும். நல்ல கடை என்பதற்காக மறைக்க மாட்டேன். உடுப்பை ஜனவரி 3 சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். கொடுத்தது ஜனவரி 10 இரவு ஒன்பதரைக்கு. நடுவில் மூன்று முறை போய்த் திரும்பினேன். ஒரு முறை அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன், பெரியவளின் துணி இன்னும் வெட்டப்படாமல் மேசைமேல் கிடந்தது. அன்று எனக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்துவிட்டது. மறுநாள் மாலை விடுதியில் பிள்ளையைச் சேர்க்கவேண்டிய நிலையில், முந்தின இரவுவரை சீருடை இல்லாமல் ஒரு தாய் தவிக்கக் கூடாது.

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளித் தவணை 2022 முதல் 2024 வரை மார்ச்சில் தொடங்கியது, 2025-ல் பிப்ரவரியில். கிறிஸ்துமஸ் முடிந்து மூச்சு விட நேரம் இருந்தது. இந்த ஆண்டு மீண்டும் ஜனவரிக்கு மாற்றினார்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் பள்ளி திறந்தது ஜனவரி 12. டிசம்பர் 20-ல் விடுமுறை தொடங்கி, சரியாக மூன்று வாரம். அதற்குள் ஊர் முழுக்க அந்த ஒரே கடைக்கு வந்துவிட்டது. உதவிக்கு இருந்த பையனும் வேலையை விட்டுப் போயிருந்தான். எல்லாம் புரிகிறது. ஆனாலும், முடியாது என்று தெரிந்தபின் கடைசி வாரத்தில் வந்தவர்களின் துணியை வாங்காமல் விட்டிருக்கலாம். ஐயாவுக்கு யாரையும் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை. அந்த நல்ல குணத்தால் முன்பே வந்து அளவு கொடுத்தவர்கள் காத்துக்கிடந்தோம்.

இன்னொன்று, பெரியவளின் பெயர்ப்பட்டை ஒன்றில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. இரவு பத்து மணி. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, பட்டையைப் பிரித்து அந்த எழுத்தைக் கையாலேயே நூலில் போட்டுக் கொடுத்தார். மற்ற பட்டைகளோடு ஒப்பிட்டால் அந்த ஓர் எழுத்து சற்றுத் தடிமனாக இருக்கிறது. மாற்றித் தருவதாகச் சொன்னார். மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் காலை ஆராதனையில், போதகர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை எல்லாம் முன்னால் அழைத்தார். சிலர் புதுப் பையோடு வந்திருந்தார்கள். ஜெபிப்பதற்கு முன் அவர் ஒன்று சொன்னார்: இந்த நாட்டில் முதல் தமிழ் வகுப்பு 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது, அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். பிறகு போதகரின் பேச்சு தோட்டங்களுக்கு வந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912 தொழிலாளர் சட்டம் சொன்னதையும், எங்கள் பாட்டிமார் படித்த ஒற்றை அறைப் பள்ளிகளையும் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா, “எங்கள் காலத்தில் அந்த ஒற்றை அறையில்தான் ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் நடக்கும்” என்று என் காதில் சொன்னார். பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். என் மகளின் தலைமேல் போதகரின் கை இருந்தது. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: நான் பார்க்காத நாள்களில் நீர் பாரும், ஆண்டவரே.

தைப்பிங்குக்கு கோலா கங்சார் வழியாகப் போனோம். வழியெல்லாம் அவள் மடியில் புது உடுப்புப் பை. விடுதி அறையில் அலமாரிக்குள் தொங்கவிடும்போது, பினாஃபோரின் கீழ்மடிப்பைத் தடவிப் பார்த்து, “எவ்வளவு விட்டிருக்கிறார் அம்மா?” என்று கேட்டாள். மூன்று அங்குலம் என்றேன். “அப்படியென்றால் படிவம் 3 வரை போடலாம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் ஆலயத்துக்குப் போக அனுமதி கிடைக்குமா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். பெற்றோர் கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு வேன் வந்தபோது இன்னும் இருட்டு. சின்னவள் பெரியவளின் திருப்பித் தைத்த பினாஃபோரைத்தான் போட்டுக்கொண்டாள், புதிது இருக்கும்போதே. 2025 ஏப்ரலிலிருந்து எல்லா மாணவரும் சீருடையில் தேசியக் கொடிச் சின்னம் அணிய வேண்டும். ஊசி குத்தித் துணி கிழியாமல் இருக்க, ஐயா அந்த இடத்தில் உள்ளே ஒரு சிறு துண்டு வைத்துத் தைத்திருந்தார். இருட்டிலும் கை தடவி இடம் கண்டுபிடிக்க முடிந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். சின்னவளுக்குப் புதிது ஒன்று, திருப்பித் தைத்தது ஒன்று: 62 வெள்ளி. நடுவனுக்குப் புதுக் காற்சட்டை 35, பழையது இரண்டை இறக்கி இடுப்பைப் பிடித்தது 10. பெரியவளுக்கு நீலப் பினாஃபோர் இரண்டு 110, பாஜு கூரோங் இரண்டு 140. வெள்ளைச் சட்டை மூன்று 84, பெயர்ப்பட்டை பத்து 20. மொத்தம் 461. பள்ளித் தொடக்க உதவியாக அரசாங்கம் பிள்ளைக்கு 150 வெள்ளி தருகிறது. 2023 முதல் வருமானம் பாராமல் எல்லாருக்கும் கிடைக்கிறது. எங்களுக்கு 450 கிடைத்தது. தையலுக்கு அதுவே ஏறக்குறைய சரியாகிவிட்டது, காலணிக்கும் பைக்கும் நடவடிக்கைப் புத்தகங்களுக்கும் கையிலிருந்துதான் போட்டோம்.

கடை ஞாயிறு மூடியிருக்கும். கார்டு வாங்க மாட்டார்கள், இப்போது கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள், இருந்தாலும் ரொக்கம் கொண்டுபோவது நல்லது. பெண் பிள்ளைகளைப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் கூட்டிப் போங்கள், அப்போதுதான் அக்கா இருப்பார். ஜனவரியில் பள்ளி திறக்கிறதென்றால் நவம்பர் நடுவிலேயே அளவு கொடுத்துவிடுங்கள். பிள்ளை வளர்ந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், அதற்குத்தான் உள்ளே விட்டுத் தைக்கிறார். வாங்கும் தேதியைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதை நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர்ப்பட்டையை வாங்கும்போதே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

பெரியவள் முதல் தடவை விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நேரே அந்தக் கடைக்குத்தான் கூட்டிப் போகச் சொன்னாள். பினாஃபோர் இடுப்பில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஐயா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, அக்காவைக் கூப்பிட்டு, புத்தகத்தில் அவள் பக்கத்தைத் திருப்பினார்.